'சக்ர' மூல வடிவத்தில் அழுத்தம் எந்த அசையில்? உதவி தேவை

வணக்கம். இந்தோ-ஐரோப்பிய மூலச்சொல் பட்டியலில் சக்கரத்துக்கான பதிவு பாதியில் நிற்கிறது. வேர் *க்வெல், 'சுழல்' (உடுக்குறி இட்டவை ஒப்பீட்டால் மீட்டமைத்த வடிவங்கள்). அது இரட்டித்து *க்வெக்வ்லொஸ். சமஸ்கிருத 'சக்ர', கிரேக்க 'குக்லொஸ்', மத்திய ஆசியாவில் வழங்கி மறைந்த தொக்காரிய-பி மொழியில் வண்டியைக் குறிக்கும் 'கொகலே', ஆங்கில 'வீல்' எல்லாம் இதன் வழி வந்தவை. தமிழ்ச் 'சக்கரம்' கடன்சொல். தனிக் கிளையாகக் காட்டாதீர்கள்.

'சக்ர'வின் முதல் ஒலியில் சிக்கல் இல்லை. எகரத்துக்கு முன் ககரம் சகரமானது, அதன் பிறகே எகரம் அகரமானது. வரிசையை மாற்றினால் 'கக்ர' என்றுதான் கிடைக்கும்.

இடிப்பது அழுத்தம். வேதத்தில் கடைசி அசை, கிரேக்கத்தில் முதல் அசை. பழைய ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் சாட்சி உண்டு: வெர்னர் விதிப்படி (செர்மானிய மொழிகளில் உரசொலிக்கு முந்தைய அசையில் அழுத்தம் இல்லாவிட்டால் அது அதிர்வொலியாகும்) 'ஹ்வேஒல்' முதலசை அழுத்தத்தையும், 'ஹ்வெஒகொல்' பின்னழுத்தத்தையும் காட்டுகின்றன. ஒருமையில் முன்னழுத்தம், தொகுதிப் பன்மையில் (பலவற்றை ஒரே கூட்டமாகக் குறிக்கும் வடிவம்) பின்னழுத்தம் என்பது வழக்கமான தீர்வு. ஹோமரில் 'குக்ல' என்ற பன்மையும் இருப்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அப்படியானால் தலைச்சொல்லாக ஒருமையை மட்டும் இடலாமா, இரண்டையும் இட வேண்டுமா? இன்னொன்று: ஒலிவிதிப்படி கிரேக்கத்தில் 'தெப்லொஸ்' போல ஏதோ வந்திருக்க வேண்டும். 'குக்' என்றிருப்பதற்குக் காரணம் உயிர் குறைந்த வடிவமா (எகரம் விழுந்தது), உதட்டொலியின் சாயலா (அருகிலுள்ள 'க்வ்' எகரத்தை உகரமாக்கியது)? இணையான சான்றுச்சொற்களோடு பதில் தந்தால் உதவியாக இருக்கும்.