ஹோம் தியேட்டருக்குத் தனிப் பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒத்தக்கடைக்காரன்
வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில், 16க்கு 12 அடி அறையில், 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர்களும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபரும்) அமைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ஏ.வி. ரிசீவர் சேனலுக்கு 80 வாட். முன் ஸ்பீக்கர்கள் 8 ஓம், சென்சிடிவிட்டி 88 டெசிபல். சோபா பத்தடி தள்ளி இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சிகள் காதைக் குடைகின்றன. வசனமோ தெளிவாகக் கேட்பதில்லை. ரிசீவருக்குச் சக்தி போதாது, 200 வாட் பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: திருநகர் ரசிகர்
கடைக்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தருகிறது. பத்தடியில், அதாவது மூன்று மீட்டரில், அது சுமார் 78 ஆகக் குறையும். 80 வாட் முழுவதும் பாய்ந்தால் அதனுடன் 19 டெசிபல் கூடி 97 ஆகும். சுவர்களின் எதிரொலியும் மற்ற ஸ்பீக்கர்களும் சேரும்போது இன்னும் கொஞ்சம் உயரும். திரையரங்கத் தரப்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல் என்றாலும், வீட்டில் அதைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் குறைத்துக் கேட்பவர்களே பெரும்பாலோர். 80 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது வெறும் 4 டெசிபல். ஒலி இரு மடங்காகக் காதுக்குத் தோன்றவோ சுமார் 10 டெசிபல் வேண்டும்.

வசனம் தெளியாததற்கு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கான்கிரீட் கூரையும்தான் காரணம் என்று நினைக்கிறேன். சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த ஜமுக்காளத்தை விரித்து, சென்டர் ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என அமைத்து, கிராஸ் ஓவரை (அடித்தொனிகள் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதிகச் சக்தியை விழுங்கும் அடித்தொனிகளைச் சப்வூஃபர் தன் சொந்த ஆம்ப்ளிஃபையரால் சுமந்துகொள்ளும்.

பதில்: மேலூர் ஒலிப்பிரியன்
கணக்கு சரி, ஆனால் ரிசீவர்களின் வாட் அளவு பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கிச் சொல்லப்படுவது, ஐந்தும் ஒரே நேரத்தில் முழங்கினால் அது குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிக மின்னோட்டத்தை இழுக்கும் 4 ஓம் ஸ்பீக்கரும், சாப்பாட்டு அறையோடு திறந்து கிடக்கும் நீண்ட ஹாலும் இருந்தால் நானே தனி ஆம்ப்ளிஃபையரைப் பரிந்துரைப்பேன். இன்னொன்று, மாலையில் உங்கள் பகுதியில் மின்னழுத்தம் இறங்குகிறதா? சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ரிசீவரில் 230 வோல்ட் 190 ஆனால் உச்சத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புதிதாக வாங்கும் ஆம்ப்ளிஃபையரும் அதே வகை டிரான்ஸ்ஃபார்மர் கொண்டதென்றால் அதற்கு விதிவிலக்கல்ல.

ஒத்தக்கடைக்காரன்
ஜமுக்காளம் விரித்து, சென்டரை 3 டெசிபல் ஏற்றியதும் வசனம் நன்றாகத் தெளிந்துவிட்டது. மின்னழுத்தம் 220க்குக் கீழே இறங்கவில்லை. ரிசீவரின் பின்புறம் பார்த்தேன். சப்வூஃபருக்கு மட்டுமே ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் அனுப்பும் இணைப்பு) இருக்கிறது.

பதில்: திருநகர் ரசிகர்
முன் சேனல்களுக்கு ப்ரீ-அவுட் இல்லையென்றால் தனி ஆம்ப்ளிஃபையரை முறையாக இணைக்க ரிசீவரையே மாற்ற வேண்டியிருக்கும். இந்த அறைக்கு அது வீண் செலவு. ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் சூடேறி அது தானாக அணைந்தால், அதற்கும் சக்தி போதவில்லை என்றுதான் கடையில் சொல்வார்கள்.