சண்டைக்கு ஜோடி போடுகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய கார்னர்

கோலாலம்பூரில் ஒரு எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) ஜிம்மில் சில வருடம் கார்னர் வேலை, அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே பையனைக் கவனிக்கும் வேலை, பார்த்தேன். எங்கள் கோச்சுக்கு வாட்ஸ்அப் என்றாலே அலர்ஜி, அதனால் யாரோடு யார் மோதுவது என்று ஜோடி போடும் மேட்ச்மேக்கர்களுக்குப் பதில் போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. தரவரிசையில் 5ஆம் ஆளையும் 6ஆம் ஆளையும் கோர்த்துவிடுவார்கள் என்றுதான் வெளியே பலர் நினைக்கிறார்கள். உள்ளூர் ஷோக்களில் அப்படி எதுவும் கிடையாது.

வரும் செய்தி இவ்வளவுதான்: "77 கிலோ, 3-1, இடதுகைக்காரன், அடுத்த மாதம் 2வது சனி, உங்க பையன் ரெடியா?" உடனே ரெக்கார்டு பார்க்கும் தளங்களான ஷெர்டாக்கையும் டாபாலஜியையும் திறப்போம். 3-1 (மூன்று வெற்றி, ஒரு தோல்வி) என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அந்த மூன்று பேர் யார் என்று பார்க்க வேண்டும். மூவருமே வாழ்நாளில் ஒரு சண்டைகூட ஜெயிக்காதவர்கள் என்றால் அது ஊதிய ரெக்கார்டு. அப்புறம் வீடியோ தேடுவோம். எங்கள் பையன்கள் எல்லாரும் நின்றபடி அடிக்கும் முவாய் தாயிலிருந்து வந்தவர்கள், எதிரில் மல்யுத்தக்காரன் என்று தெரிந்தால் திடீரென்று எங்கள் பையனுக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும். அது பொய் என்று மேட்ச்மேக்கருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் செய்தி வருவது நின்றுவிடும்.

எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன விஷயம் ஒன்று. பெரும்பாலான சண்டைகள் இருவரில் ஒருவருக்காக அமைக்கப்படுபவை. சின்ன ஷோ என்றால் அதிகமாக டிக்கெட் விற்கும் உள்ளூர்ப் பையனுக்காக. அவனுடைய மாமா, மச்சான், ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் வருவார்கள், அவன் தோற்றால் அடுத்த ஷோவுக்கு வரமாட்டார்கள். எதிராளி வெளியூரிலிருந்து முந்தின நாள் வந்து இறங்குவான், தூக்கம்கூடச் சரியாக இருக்காது. அவன் மோசமான ஃபைட்டர் என்பதற்காகக் கூப்பிடுவதில்லை, கொஞ்சம் தாக்குப்பிடித்துத் தோற்பான் என்ற கணக்கில்தான்.

பெரிய ஷோவிலும் கணக்கு இருக்கிறது, வடிவம்தான் வேறு. நம்ம கோலாலம்பூர் பையன் அகிலன் தானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே மாதம் சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியத்தில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. கம்பெனியின் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு பென் அஸ்க்ரெனோடு மோதவிட்டார்கள். அகிலனுக்கு 21 வயது, 7-0. அஸ்க்ரென் 15-0, அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் மல்யுத்தம் ஆடிய ஆள். சாம்பியனுக்கு எதிராளி வேண்டும், மலேசிய ரசிகர்களிடம் டிக்கெட்டும் டிவியும் விற்க வேண்டும், தோற்காத உள்ளூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெரித்து முடித்துவிட்டார் அஸ்க்ரென். அரங்கத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பம் அப்போதுதான் வாங்கிய பாப்கார்னைத் தொடக்கூட இல்லை.

ஆனால் 2019 ஜூனில் ஷாங்காயில் பாருங்கள். மூன்றரை வருடம் சண்டையே போடாமல் 43 வயதில் திரும்பி வந்த ஜப்பான் நட்சத்திரம் யோஷிஹிரோ அகியாமாவுக்கு எதிராளியாக அதே அகிலன். விழா யாருக்கு என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஜெயித்தது அகிலன், நடுவர்கள் மூவரும் அவர் பக்கம். கணக்கு போடுவதோடு மேட்ச்மேக்கர் வேலை முடிந்துவிடும், கூண்டுக் கதவு மூடிய பிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

77 கிலோ

அண்ணே, நான் அந்த "வெளியூர் எதிராளி"யாகவே பல தடவை போனவன். செவ்வாய்க்கிழமை மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன், சனிக்கிழமை ஃபைட், ஒருத்தனுக்கு முழங்கால் போய்விட்டது, வர்றியா என்று. அப்போது நான் 84 கிலோ. 77க்கு முடியாது, 80இல் கேட்ச்வெயிட் (இரு பக்கமும் பேசி வைக்கும் எடை) என்றால் வருகிறேன் என்றேன், எதிர்ப்பக்கம் ஒத்துக்கொண்டார்கள். மூன்று நாள் சானாவும் வெந்நீர்த் தொட்டியும்தான் வாழ்க்கை. எடை காட்டியபோது 80.1, ஜட்டியையும் கழற்றிவிட்டுத் துண்டைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஏறினேன், 80 சரியாக வந்தது. இரண்டாவது ரவுண்டில் மூச்சு போய்த் தோற்றேன். ஆனால் அந்த மேட்ச்மேக்கர் மறக்கவில்லை, அடுத்த வருடம் முழு ஆறு வாரம் கொடுத்து நல்ல ஃபைட் ஒன்று போட்டுத் தந்தார். இந்தத் தொழிலில் அவசரத்துக்குக் கை கொடுப்பது கடன் கொடுத்த மாதிரி.

பெரிய இடத்திலும் இதே கதைதானே. பெரிய எம்.எம்.ஏ. கம்பெனியான யூ.எஃப்.சி.யில் 2016இல் மெக்ரிகரோடு மோத இருந்த டோஸ் ஆஞ்சோஸ் கால் உடைந்து விலகியதும் நேட் டியாஸ் 11 நாள் அவகாசத்தில் வந்து மெக்ரிகரைத் தோற்கடித்தார், அதுவும் 155 பவுண்டு சண்டையை 170க்கு மாற்றி. அந்த ஒரு போன்காலுக்குப் பிறகு அவர் சம்பளமே வேறு.

ஷோ பக்கத்து ஆள்

மேட்ச்மேக்கர் மேல் பழி போடுகிறவர்கள் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் ஒரு ஷோவில் உதவியாளராக இருந்தேன். ஒருவனுக்கு ஹெபடைடிஸ் ரிப்போர்ட் வரவில்லை, ஒருவனுக்கு விசா இல்லை, இன்னொருவன் "அவன் என் ஜிம் நண்பனோட நண்பன், அடிக்க மாட்டேன்" என்கிறான். ஒரு ஆள் விழுந்தால் அவனோடு ஜோடியும் விழும், மிஞ்சியவனுக்கு வேறு ஜோடியிலிருந்து ஆளை உருவினால் அங்கே ஓட்டை.

யூ.எஃப்.சி.யில் ஷான் ஷெல்பியும் மிக் மேனார்டும் எடைப் பிரிவுகளைப் பங்கு போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறார்கள், அவ்வளவு பணம் இருந்தும் அவர்களுக்கும் இதே தலைவலிதான். 2012இல் சாம்பியன் ஜான் ஜோன்ஸோடு மோத இருந்த ஹெண்டர்சனுக்கு அடிபட்டது, எட்டு நாளில் பதில் ஆளான சோனனோடு மோத ஜோன்ஸ் மறுத்தார், யூ.எஃப்.சி. 151 மொத்தமாக ரத்து. கபீப், டோனி ஃபெர்குசன் சண்டையை ஐந்து முறை அறிவித்தார்கள், ஐந்தும் நடக்கவில்லை. நாலாவது தடவை ஃபெர்குசன் கேபிள் தடுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார், பதிலுக்கு வந்த ஹாலோவேயை எடை பார்க்கும் நாளில் சண்டைகளைக் கண்காணிக்கும் அரசு கமிஷன் நிறுத்திவிட்டது, கடைசியில் அதே ஷோவில் வேறு ஆளோடு மோத இருந்த ஐயகின்டா கபீபோடு ஐந்து ரவுண்டு நின்றார். அவர் எடை 155.2 பவுண்டு, பட்டச் சண்டைக்கு 0.2 அதிகம், ஜெயித்திருந்தாலும் பெல்ட் கிடையாது!

பாக்ஸிங்கில் பட்டம் தரும் அமைப்பு தனி, சண்டை நடத்துகிறவர் தனி, முதல் தகுதியாளனோடு மோது என்று அமைப்பு சாம்பியனைக் கட்டாயப்படுத்தலாம். எம்.எம்.ஏ.யில் பெல்ட்டும் கம்பெனியுடையது, ஒப்பந்தமும் கம்பெனியுடையது. தரவரிசை என்று பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு ஒன்று வருகிறது, மேட்ச்மேக்கருக்குப் பிடித்தால் பார்ப்பார்.

சென்னை ரசிகன்

நான் சண்டை போட்டதில்லை, டிவி முன்னால்தான். உத்தரகாசிப் பையன் அன்ஷுல் ஜுப்லி 2023 அக்டோபரில் அபுதாபியில் இறங்கியபோது எதிரில் மைக் பிரீடன், யூ.எஃப்.சி.யில் அதுவரை மூன்று சண்டை, மூன்றும் தோல்வி. இந்தியச் சந்தைக்காகச் சுலபமான ஆளாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாரும் பேசினோம். மூன்றாவது ரவுண்டில் நாக்அவுட், விழுந்தது நம்ம ஆள். அப்படியென்றால் இந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்?

பழைய கார்னர்

@சென்னை ரசிகன், மூன்றும் தோற்றவன் என்றால் அடுத்ததும் தோற்றால் வேலை போய்விடும் என்று தெரிந்தவன். 3-1 பையன்களைவிட அந்த மாதிரி ஆட்களைக் கண்டுதான் எங்கள் கோச் பயப்படுவார், அவர்களிடம் காக்க ரெக்கார்டே இருக்காது, கையை வீசிக்கொண்டே வருவார்கள். எனக்கு அந்தச் சண்டையைத் தந்திருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

@77 கிலோ, கேட்ச்வெயிட்டுக்குக் கூடுதல் பணம் கேட்டாயா இல்லையா? எதிர்ப்பக்கத்துக்கு வேறு வழியே இல்லாத நேரம் அது.