பர்மியச் சுவடியைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறீர்களா?

ஆச்சிமார், அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா வீட்டுப் பெட்டகச் சாலையைச் சுத்தம் செய்தபோது, பர்மாவிலிருந்து வந்த தேக்குப் பெட்டிக்குள் சுவடிக்கட்டு ஒன்று கிடைத்தது. நீள ஏடுகள், சிவப்பு அரக்கும் பொன்பூச்சும், மேலே தடித்த கறுப்பு எழுத்துகள். படங்களோடு ஒப்பிட்டால் 'கம்மவாசா' போலத் தெரிகிறது. பௌத்தத் துறவியாக (பிக்குவாக) ஆவது போன்ற துறவியர் சங்கச் சடங்குகளில் ஓதப்படும் பாலி மொழி வாசகங்கள் அவை. மகன் துறவு பூணும்போது குடும்பத்தார் புண்ணியம் கருதி எழுதுவித்து மடத்துக்குத் தருவார்களாம்.

புத்தரின் போதனைகள் பல தலைமுறை வாய்மொழியாகவே ஓதப்பட்டு, கி.மு. முதல் நூற்றாண்டில்தான் இலங்கையில் ஏட்டில் ஏறின என்பது இலங்கை, பர்மா நாடுகளின் தேரவாத பௌத்த மரபு. எழுதியபின் ஏடும் வணக்கத்துக்குரியதாயிற்று. பர்மிய மன்னர் மிண்டோன் மாண்டலேயில் அந்தப் போதனைத் தொகுப்பான திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் வெட்டுவித்தார். பணி 1868-இல் முடிந்தது. நம் நகரத்தார் கடை வைத்திருந்த ஊர்தான் அது.

ஆகவே இதைக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் போட மனம் வரவில்லை. சித்தப்பாவுக்கு விலை தெரிந்தால் போதும், அது வேறு கதை.

பர்மிய எழுத்தில் பாலி படிப்பவர் யாரேனும் உண்டா? அரக்கு உதிர்கிறது, நம் பனையோலைக்குப் பூசும் எண்ணெயை இதற்கும் பூசலாமா? மடத்துக்குக் கொடுப்பதா, அருங்காட்சியகத்துக்கா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு ஏடுகளின் படங்களை அனுப்புகிறேன்.