மாண்ட்ரலுக்குச் சரத்தண்டு: பேனா கடைசல் சொற்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

மரப்பேனா கடையும்போது கட்டைகளைக் கோத்து லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மாட்டிச் சுழற்றும் கம்பிக்கு மாண்ட்ரல் என்று பெயர். புதிதாக வாங்கிய சின்ன மர லேத்தில் அது பொருந்தவில்லை, என்ன செய்வது என்று தக்கலையிலிருந்து தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதைத் தொடர்ந்து மாண்ட்ரலுக்குத் தமிழ்ப் பெயராக அச்சு, கதிர், தாங்குதண்டு, கோவைத்தண்டு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. ஆனால் அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சொல்லைத் தேர்வதும் எளிது.

தம்பி, உங்கள் லேத்தில் மோட்டார் பக்கமுள்ள தலைப்பெட்டியில் சுழலும் தண்டான கதிருக்குள் ஒரு கூம்புக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் வகுத்த அளவு அது, அதனால் மோர்ஸ் கூம்பு என்பார்கள். தந்திக் குறியீட்டு மோர்ஸ் வேறு ஆள். ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற கணக்கில் விட்டம் குறுகும். சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் தட்டிச் சொருகினால் திருகு இல்லாமலே இறுகப் பிடித்துக்கொள்கிறது. விலை குறைந்த சிறிய லேத்துகளில் பல 1ஆம் எண் கூம்பு. அதன் அகன்ற முனை 12.065 மி.மீ. கொஞ்சம் பெரியவற்றில் 2ஆம் எண், 17.78 மி.மீ. கடையில் கிடைக்கும் பேனா மாண்ட்ரல் பெரும்பாலும் 2ஆம் எண்ணில்தான் வருகிறது. 2ஆம் எண் குழியில் 1ஆம் எண் மாண்ட்ரலை இடைக்கூடு போட்டு மாட்டலாம். 1ஆம் எண் குழியில் 2ஆம் எண் மாண்ட்ரல் நுழையாது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கதிரின் வாயை அளந்து பார்த்துவிட்டு 1ஆம் எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். மணி கடையும் குட்டி லேத் என்றால் சிலவற்றில் மோர்ஸ் கூம்பே இருக்காது. அதற்கு, தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக்கில் பிடிக்கிற மாதிரி நேரான அடியுள்ள மாண்ட்ரல் தேவை.

இனி சொல்லுக்கு வருகிறேன். மெல்லிய 7 மி.மீ. பேனாவை எடுத்துக்கொள்வோம். பலா, அயினி, ஈட்டி என்று நம் மாவட்டத் தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுக்கட்டையே போதும். கட்டையை 7 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் குழலை உள்ளே ஒட்டி, இரு முனைகளையும் துளைக்குச் செங்குத்தாகச் சீவ வேண்டும். அப்புறம் மாண்ட்ரல் கம்பியில் ஒரு புஷ் (உலோக வளையம்), ஒரு கட்டை, மறுபடி புஷ், இன்னொரு கட்டை, கடைசியாக ஒரு புஷ் என்று வரிசையாகக் கோத்து, நுனியில் நட்டைப் போட்டு நெருக்குகிறோம். கட்டை கம்பியில் ஒட்டியிருப்பதில்லை. நெருக்கத்தினால் மட்டுமே எல்லாம் சேர்ந்து சுற்றுகிறது. பல பொருள்களை ஒரே வரிசையில் கோத்து நெருக்கிப் பிடிப்பதுதான் இந்தத் தண்டின் வேலை. சொல்லில் அது தெரிய வேண்டும்.

அச்சு என்றால் வண்டியச்சு, வார்ப்பச்சு, அச்சகம் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். கதிர் அருமையான சொல். இராட்டையில் சுழலும் கம்பிக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது. ஆகவே அது லேத்தின் சொந்தச் சுழல்தண்டுக்கே போகட்டும், மாண்ட்ரலுக்கும் கொடுத்தால் ‘கதிருக்குள் கதிரைச் சொருகு’ என்று எழுத நேரும். தாங்குதண்டு பலவீனமான சொல். உளி தாங்கும் கட்டையும் தாங்கத்தான் செய்கிறது. கோவைத்தண்டில் வினை சரி. ஆனால் படிப்பவர் மனத்தில் முதலில் ஊர்தான் வரும். அதைக் கோர்வை என்று மாற்றினால் இலக்கணச் சண்டை தொடங்கும்.

என் பரிந்துரை சரத்தண்டு. தோவாளைப் பூச்சந்தையில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் சரம். பூச்சரம், மணிச்சரம், பட்டாசுச் சரம் எல்லாமே தனித்தனிப் பொருள்கள் ஒரே வரிசையில் சேர்ந்து நிற்பவை. சரம் அம்பையும் குறிக்குமே என்று ஐயா ஒருவர் தயங்கினார். அது செய்யுளில் உண்டு. பட்டறையில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. வடசேரியில் நகை செய்பவர்கள் மோதிரத்தை வட்டமாக்கத் தட்டும் கூம்புக் கம்பியும் ஆங்கிலத்தில் மாண்ட்ரல்தானே, அதற்கும் சரத்தண்டு பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அந்தக் கம்பி எதையும் கோத்து நெருக்குவதில்லை, வடிவம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதற்காக இரண்டு தொழிலையும் ஒரே கயிற்றில் கட்டுவது நம் கலைச்சொல் பட்டியல்களைப் பிடித்த பழைய நோய். அதனால்தான் பட்டறைக்காரர்கள் பட்டியலை விட்டுவிட்டு ‘ராடு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நகைக் கம்பிக்கு நகை செய்பவர்களிடமே கேட்போம்.

கூடவே வரும் பொருள்களுக்கும் பெயர் வேண்டும். பேனா புஷ் என்பது வெறும் வளையம் அல்ல. அதன் வெளிவிட்டம் பேனாவின் உலோகப் பாகத்தின் விட்டத்துக்குச் சமம். மரத்தை அந்த மட்டம் வரை இறக்கினால் நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே மட்டவளையம். தலைப்பெட்டிக்கு எதிரே இருக்கும் வால்பெட்டியில் தண்டின் நுனியைத் தாங்கும் முனைக்கு சென்டர் என்று பெயர். கட்டையோடு சேர்ந்து சுற்றும் சென்டர் சுழல்முனை, சுற்றாதது நிலைமுனை. இங்கே தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. சரத்தண்டின் நுனிக் குழியில் 60 பாகைக் கூர்முனை உட்கார வேண்டும். மலிவு லேத்தோடு வரும் கிண்ண வடிவ முனை சரியாகப் பொருந்தாது, தண்டு ஆடும்.

வால்பெட்டியின் கைச்சக்கரத்தை அதிகமாக நெருக்கினால் ஆறு மி.மீ. சொச்சம் தடிப்புள்ள அந்தத் தண்டு வில் போல வளையும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடைந்து முடித்த பேனாவில் மரம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் பித்தளை தெரியுமளவு மெலிந்தும் நிற்கும். புதிதாகக் கடைபவர்கள் பலர் இதற்கு உளியைக் குறை சொல்வார்கள். இதைத் தவிர்க்கத்தான் நடுவில் பொள்ளலான ஒரு முனை விற்கிறார்கள். தண்டு அதற்குள் நுழைந்துவிடும், அழுத்தம் கடைசி மட்டவளையத்தின் மேல் விழும். தண்டின் நுனியை எதுவும் தள்ளாது, நட்டும் தேவையில்லை. கூடுதல் பாகம் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான்கு தாடைச் சக்கை விட இதை வாங்கச் சொல்வேன்.

இந்த முனைக்குக் குழல்முனை என்ற பெயர் வந்திருக்கிறது. எழுத்தில் அழகு. ஆனால் மோட்டார் இரைச்சலில் சுழல்முனை, குழல்முனை இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். எடுத்துக் கொடுப்பவர் தவறானதை நீட்டுவார். மரத்தில் பொந்து என்றால் எந்த ஆசாரிக்கும் தெரியும், அதனால் பொந்துமுனை என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம்.

குழல் ஒட்டிய கட்டையின் முனையைச் செங்குத்தாகச் சீவும் கருவிக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. நடுவே துளைக்குள் போகும் வழிகாட்டித் தண்டு, அதைச் சுற்றி வெட்டுப் பற்கள். முனைசீவி என்றால் பென்சில் நினைவு வருகிறது. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், கட்டை முனையை மட்டப்படுத்துவதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.