ஜெயில் கேட்டில் சோதனை: உங்களுக்கு என்ன நடந்தது?

ரிமாண்டில் இருந்தபோது, உள்ளே போன முதல் நாளைவிட வாய்தா முடிந்து திரும்பும் சாயங்காலங்கள்தான் மோசம். கோர்ட்டுக்குப் போய் வந்த எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்கள். ஜட்டி உட்பட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். "உட்காரு, எழுந்திரு, இருமு." பக்கத்தில் நின்ற பெரியவர் கையால் மறைத்துக்கொண்டார், விரலிலேயே லத்தியால் ஒரு தட்டு. கஞ்சாவும் சிம் கார்டும் உடம்பில் ஒளித்து உள்ளே வருவது உண்மைதான், மறுக்கவில்லை. சோதிக்கட்டும். ஒரு திரை கட்ட எவ்வளவு ஆகிவிடும்?

—

ஜெயிலில் இருக்கும் வீட்டுக்காரரை மனு போட்டுப் பார்க்க (மனு என்றால் ஜெயிலில் சந்திப்பு) போனபோது பெண் காவலர்தான் சோதித்தார், அதில் குறை இல்லை. ஆனால் தடுப்பு இல்லாத அறை, பின்னால் நாலைந்து பெண்கள். மாதவிலக்கு என்று சொல்லியும் நாப்கினை எடுத்துக் காட்டச் சொன்னார். முடியாது என்றேன். "அப்போ மனு கிடையாது." அவருக்கு வாங்கிய பிஸ்கட்டை பஸ்ஸில் பையன் தின்றுகொண்டே வந்தான். பார்க்கப் போகிறவர்களை இப்படிச் சோதிக்க விதி இருக்கிறதா?

—

மேலே கேட்ட சகோதரிக்கு: நான் கிரிமினல் வக்கீல். 1894-ம் ஆண்டுச் சிறைச் சட்டம், பிரிவு 41-ன்படி சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால்தான் பார்வையாளரைச் சோதிக்கலாம். அதுவும் கைதி முன்னாலோ இன்னொரு பார்வையாளர் முன்னாலோ கூடாது. மறுத்தால் உள்ளே விடாமல் இருக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிவைக் கேளுங்கள். கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

கைதிகள் விஷயம்தான் சிக்கல். அதே சட்டத்தின் பிரிவு 24, சிறைக்கு வருகிற கைதியைச் சோதிக்க வேண்டும், பெண்ணைப் பெண் அலுவலரே சோதிக்க வேண்டும் என்கிறது. எதுவரை போகலாம் என்று சொல்வதில்லை. அங்கேதான் உச்ச நீதிமன்றத்தின் 1978 சுனில் பத்ரா தீர்ப்பு கைகொடுக்கும்: ஜெயிலுக்குள் போனதால் அடிப்படை உரிமை போய்விடாது. கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இன்னும் தெளிவு. ஆடை களைந்து சோதிப்பது தவிர்க்கவே முடியாதபோது மட்டும். தனியிடத்தில், பயிற்சி பெற்ற அதே பாலினத்தவர் செய்ய வேண்டும் என்கிறது 52-வது விதி. அவை நம் சட்டம் இல்லை, ஆனாலும் பெட்டிஷனில் தவறாமல் எழுதுவேன்.

காவல் நீட்டிப்பின்போது மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். வீடியோவில் ஆஜர்படுத்தினால் பக்கத்திலேயே வார்டர் நிற்பார், யார் வாய் திறப்பார்கள்? இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் உள்ளே வரும்போது எழுதிக் கொடுப்பது மேல். தேதி, நேரம், அப்போது யார் யார் நின்றார்கள் என்பது கட்டாயம் இருக்கட்டும்.