மலேசியாவில் நகராண்மைக் கழகத்துக்கு மீண்டும் தேர்தல் வேண்டுமா?

கிள்ளான்வாசி:
எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாய் பல மாதங்களாக அடைத்துக் கிடக்கிறது. யாரோ ஒரு குழந்தையின் நீலச் செருப்பு தீபாவளியிலிருந்து அதே இடத்தில் மிதக்கிறது. சட்டமன்ற உறுப்பினரைக் கேட்டால், அது நகராண்மைக் கழகத்தின் வேலை என்கிறார். கழக உறுப்பினர் யாரென்று தெருவில் எவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவரே இல்லை. சட்டமன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுகிறோம், வென்ற அணி மாநில அரசை அமைக்கிறது, அந்த அரசு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 பேரைக் கழகத்துக்கு நியமிக்கிறது. மதிப்பீட்டு வரி மட்டும் நம்முடையது.

பழைய ஆசிரியர்:
தம்பி, கோபம் நியாயம். ஆனால் நம் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. நியமனம் என்பதால்தான் கட்சிகள் நமக்கென்று சில இடங்களை ஒதுக்குகின்றன. வட்டாரம் வட்டாரமாகத் தேர்தல் வைத்தால் அதுவும் போய்விடும். கோயில் நிலம், சுடுகாடு என்று பேச அந்த மன்றத்தில் நம்மவர் ஒருவர் வேண்டாமா?

கிள்ளான்வாசி:
ஐயா, 1957இல் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனின் முதல் மேயரானவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். சீனர் பெரும்பான்மையான நகரம் அது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தையே கைப்பற்றியது. ஒதுக்கீட்டில் வந்தவர்களா அவர்கள்? 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே மோதல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையமே தேர்தல் வேண்டும் என்று பரிந்துரைத்ததே!

பழைய ஆசிரியர்:
அந்த ஆணையம் ஏன் அமைந்தது? மன்றங்களின் நிர்வாகத்தின்மீது எழுந்த முறைகேட்டுப் புகார்களால். 1966இல் ஜார்ஜ் டவுன் மன்றத்தையே மாநில அரசு எடுத்துக்கொண்டது. தேர்தல் வைத்தால் யோக்கியர்தான் வருவார் என்று நம்பாதீர்கள். இராமநாதன் வந்தது தொழிற்சங்கம் வலுவாக இருந்த காலத்தில். இன்று இனம் பார்த்து ஓட்டு விழுகிறது.

செல்வி, பினாங்கு:
இந்தத் தேர்தலை நடத்தப் பினாங்கு 2012இல் சொந்தச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றோம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தினால்தான் வழி பிறக்கும். திருத்தும்போது வட்டார முறை வேண்டாம், விகிதாசாரப் பட்டியல் கேட்போம்: கட்சி தன் வேட்பாளர் பட்டியலைத் தரும், நகரம் முழுவதும் பெற்ற ஓட்டு விகிதப்படி இடம் பெறும். சிதறிக் கிடக்கும் நம் ஓட்டு நகரம் முழுவதும் ஒன்றாகச் சேரும். ஐயாவின் அச்சத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

பழைய ஆசிரியர்:
பட்டியலில் யாரை மேலே வைப்பது என்பதைக் கட்சித் தலைமைதானே முடிவு செய்யும், அம்மா? அப்புறம் நியமனத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

செல்வி, பினாங்கு:
பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே நாம் பார்த்துவிடுவோம், ஐயா. பிடிக்கவில்லையென்றால் அந்தக் கட்சிக்கு ஓட்டில்லை. இப்போது பெயர் வெளிவருவதே பதவியேற்பன்றுதான்.

பழைய ஆசிரியர்:
அதை ஒப்புக்கொள்கிறேன். வட்டார முறைக்கு மட்டும் இன்னும் உடன்பாடில்லை. தம்பி, கழகக் கூட்டங்களில் பொதுமக்கள் அமரலாம் என்று இன்றைய சட்டமே சொல்கிறது. கால்வாயைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தேதி தெரிந்தால் இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன்.