பொதுப் பாதை, பொதுத் தண்ணீர்: மாதாமாதம் சேர்ப்பதா, உடைந்தபின் பிரிப்பதா?

கடைசிவளைவு:
எங்களுடையது 14 வீடுகள் மட்டுமே உள்ள கிராமப்புறக் குடியிருப்பு. பிரதான சாலையிலிருந்து உள்ளே வரும் ஜல்லிப் பாதை, ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி, மழைநீர் வாய்க்கால், நடுவில் கொஞ்சம் காலி இடம். பொதுச் சொத்து இவ்வளவுதான். சங்கம் என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. இதுவரை எது உடைந்தாலும் யாராவது ஒருவர் கைக்காசு போட்டுச் சரிசெய்வார், அப்புறம் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போம். போன மழையில் பாதை அரித்துப்போன அதே வாரம் மோட்டாரும் எரிந்துவிட்டது. பாதிப் பேர் உடனே கொடுத்தார்கள், மீதிப் பேர் "பார்க்கலாம்" என்றார்கள், காசு போட்டவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இனி மாதச் சந்தா வைத்துப் பராமரிப்பு நிதி சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பணம் கேட்கும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

முதல்கேட்:
நான் எதிர்க்கிறேன். நானும் இதே மாதிரி ஒரு சின்னக் குடியிருப்பில்தான் இருக்கிறேன், நுழைந்ததும் முதல் வீடு. பணம் சேர்ந்துவிட்டால் அதைச் செலவழிக்க ஒரு காரணம் தானாக முளைக்கும். மோட்டாருக்கு என்று சேர்த்த பணத்தில் எங்கள் இடத்தில் நுழைவாயில் வளைவு கட்டினார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள், அடுத்த வருடம் மோட்டார் போனபோது மறுபடியும் வசூல். இரண்டாவது விஷயம், நான் பாதையில் வருவதே நூறு மீட்டர், கடைசி வீட்டுக்காரர் ஒரு கிலோமீட்டர் வருகிறார். இருவருக்கும் ஒரே சந்தா என்றால் அது என்ன நியாயம்? உடைந்தால் கூடிப் பேசி, செலவைக் கண்ணால் பார்த்துக் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜல்லியும்தூளும்:
பாதை வேலை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். உடைந்தபின் பார்க்கலாம் என்பது மோட்டாருக்கு வேண்டுமானால் ஓரளவு சரி, ஜல்லிப் பாதைக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பாதையைக் கெடுப்பது வண்டியைவிடத் தண்ணீர். நடுப்பகுதி மேடாகவும் இரண்டு ஓரமும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். 4 மீட்டர் அகலப் பாதை என்றால் ஓரத்தைவிட நடு 8 முதல் 12 சென்டிமீட்டர் உயரம். இந்தச் சரிவு தேய்ந்துபோனால் தண்ணீர் ஓரத்துக்கு வடியாமல் சக்கரத் தடத்திலேயே ஓடும், தடம் வாய்க்காலாகும், அடுத்த மழைக்கு ஜல்லி எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மண்ணில் ஈரம் இருக்கும்போது ஜல்லியை நடுவுக்கு இழுத்து மேட்டைச் சரிசெய்துவிட்டு ஓர வாய்க்காலையும் தூர் வாரினால் அந்தச் செலவு சின்னது. அதை விட்டுவிட்டு மொத்தமும் அரித்தபின் போடுவது புதுப் பாதை போடுகிற செலவு.

இன்னொன்று, எல்லா இடத்திலும் நான் பார்ப்பது: குழியில் இரண்டு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒரு வாரத்தில் சக்கரம் அதை வெளியே தள்ளிவிடும். குழியின் அடிமட்டம் வரை சுற்றிலும் வெட்டி எடுத்து, உடைத்த கல்லும் தூளும் கலந்த கலவையை ஈரத்தோடு போட்டு இடித்தால்தான் நிற்கும். உருண்டையான ஆற்றுக் கல் எவ்வளவு போட்டாலும் பிடிக்காது, கூரான முனையுள்ள கல்தான் ஒன்றோடொன்று இறுகும்.

முதல்கேட்:
வருடாந்தர வேலை தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அந்த வருடச் செலவை அந்த வருடம் வசூலியுங்கள். சேமிப்பு எதற்கு? சம பங்கு எதற்கு? இதற்குப் பதில் வரவில்லை.

கணக்குநோட்டு:
சேமிப்பு எதற்கு என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் 10 வருடம் ஓடும் என்று வையுங்கள். முதல் 9 வருடம் அதை உபயோகித்தவர்கள் ஒரு காசும் வைக்காமல் வீட்டை விற்றுவிட்டுப் போனால், பத்தாவது வருடம் வாங்கி வந்தவர் முழுப் பங்கையும் கட்டுகிறார். தேய்த்தவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். வருடம் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்து வைத்தால் யார் எவ்வளவு காலம் பயன்படுத்தினாரோ அவ்வளவு கொடுக்கிறார். நீங்கள் கேட்கிற "பயன்பாட்டுக்கு ஏற்ற பங்கு" இதுதானே?

வளைவு கட்டிய கதை வருத்தமானதுதான். ஆனால் அது நிதியின் குற்றம் இல்லை, விதி எழுதாததன் குற்றம். எங்களிடம் இரண்டு தனிக் கணக்கு: ஒன்று மின்கட்டணம், சுத்தம் செய்வது போன்ற நடப்புச் செலவுக்கு, மற்றொன்று மாற்று நிதி, அதாவது தேய்ந்த பொருளை எடுத்துவிட்டுப் புதிது மாற்றுவதற்கு. மாற்று நிதியில் கைவைக்க மூன்றில் இரண்டு பங்கு வீடுகளின் ஒப்புதல் வேண்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து, அதுவும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் இருக்கக்கூடாது. எந்தெந்தப் பொருளுக்கு அந்தப் பணம் என்ற பட்டியலும் உண்டு. பட்டியலில் வளைவு இல்லை.

பென்ஷன்காரர்:
நிலையான வருமானத்தில் இருக்கும் என் போன்றவர்களையும் நினையுங்கள். திடீரென்று மொத்தமாகக் கேட்டால் என்னால் முடியாது, மாதாமாதம் சின்னத் தொகை என்றால் முடியும். "பணம் தராதவர்கள்" என்று எங்களை ஒரு பட்டியலில் போட்டுப் பொது இடத்தில் ஒட்டினார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம், காசுக்குப் பதில் உழைப்பு என்று ஒரு ஞாயிறு எல்லோரும் மண்வெட்டியோடு வாருங்கள் என்பார்கள். வயதானவர் கணக்கு எழுதட்டும், சாவியை வைத்துக்கொள்ளட்டும், தொட்டி கழுவுகிற தேதியை நினைவூட்டட்டும், அதையும் வேலையாகச் சேர்க்க வேண்டும்.

தண்ணீர்முறை:
கொடுக்காதவர் வீட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டும். கடுமையாகத் தெரியலாம், ஆனால் வேறு எதற்கும் சிலர் அசையமாட்டார்கள்.

கணக்குநோட்டு:
கூடவே கூடாது. அந்த வீட்டில் குழந்தையும் நோயாளியும் இருக்கலாம், பல இடங்களில் அது சட்டப்படியும் செல்லாது. பொதுவளங்களை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் பொதுவாகக் கண்டவற்றில் ஒன்று, தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. இன்னொன்று, விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை மாற்றவும் முடிவது. முதலில் நினைவூட்டல், பிறகு நேரில் பேச்சு, பிறகு சிறு தாமதக் கட்டணம், அதற்கும் மேலே போனால் வீடு விற்கும்போது பாக்கியைத் தீர்த்தாக வேண்டும் என்று பதிவு செய்த ஒப்பந்தம். எடுத்ததும் தண்ணீரில் கைவைத்தால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது.

தண்ணீர்முறை:
நேரில் பேசிப் பேசியே எங்கள் செயலாளர் ஓய்ந்துவிட்டார். படிப்படியாக என்பது எழுத நன்றாக இருக்கிறது, பேசப் போவது யார்?

ஜல்லியும்தூளும்:
முதல்கேட் கேட்ட சம பங்குக்கு வருகிறேன், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாதையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். முதல் துண்டில் 14 வீட்டு வண்டியும் போகிறது, அந்தச் செலவு 14 பங்கு. நடுத்துண்டில் போவது 8 வீடு என்றால் அது 8 பங்கு. கடைசித் துண்டு கடைசி 3 வீட்டுக்கு. வீடு கட்டுகிறவர்களிடம் தனியாகவும் வாங்குங்கள். வண்டியின் அச்சில் ஏறும் எடை இரட்டித்தால் பாதைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்பது பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. செங்கல் லாரி சில மாதம் ஓடுவதற்கும் நாம் வருடக்கணக்கில் கார் ஓட்டுவதற்கும் ஒரே கட்டணம் வாங்கக்கூடாது.

கடைசிவளைவு:
அந்தக் கடைசி மூன்றில் ஒன்று என் வீடு. எங்கள் துண்டுதான் நீளம், சரிவும் அங்கேதான். அதை மூன்று பேர் தாங்க முடியாமல் விட்டுவிட்டால் அங்கே அரிக்கும் மண் எங்கே போகும்? கீழே, முதல் வீட்டு முன்னால் பாதைக்குக் குறுக்கே போகும் குழாய்க்குள். அது அடைத்தால் நுழைவாயிலில் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். மேற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள், சம்மதம். வாய்க்கால், குழாய், சரிவில் தண்ணீரைத் திருப்பும் கட்டு இதெல்லாம் 14 வீட்டுக்கும் பொது.

முதல்கேட்:
குழாய் அடைப்பு உண்மை, எங்கள் வாசலிலும் அப்படித்தான் நின்றது. சரி, தண்ணீர் வடிகால் பொது, மேற்பரப்பு துண்டுக் கணக்கு, மோட்டாருக்கும் தொட்டிக்கும் பட்டியல் போட்ட மாற்று நிதி, இந்த மூன்றும் எழுத்தில் வந்தால் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கையெழுத்துப் போடுவேன். மாத வரவுசெலவு 14 வீட்டுக்கும் கேட்காமலே வந்து சேர வேண்டும். நிதிக்கு உச்சவரம்பும் வேண்டும். மோட்டார் விலையைத் தொட்டதும் அந்தத் தலைப்பில் வசூல் நிற்க வேண்டும். அழகுபடுத்தும் வேலைக்கு ஒரு காசு தரமாட்டேன், அதில் மாற்றமில்லை.

கணக்குநோட்டு:
உச்சவரம்பை இன்றைய விலையில் வைத்தால் மாற்றும் நாளில் போதாது. வருடத்துக்கு ஒருமுறை விலை விசாரித்து வரம்பைத் திருத்துங்கள்.

கடைசிவளைவு:
அடுத்த கூட்டத்துக்கு இதை எழுதி எடுத்துப் போகிறேன். அதற்கு முன்னால் மோட்டாருக்குக் கைக்காசு போட்டவரின் பாக்கியைத் தீர்க்கச் சொல்லப்போகிறேன். அவர் பணம் வராமல் புது நிதிக்குக் கேட்க எனக்கு வாய் வராது.